அறுபத்தொரு புளியங்கொட்டை

விண்கல் மழை என்றால் மொட்டைமாடியில் பாய் விரித்து மல்லாந்து பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் பத்து வருடம் விண்கல் மழையோடு குடித்தனம் நடத்தினேன். ஒரு கல் விழுந்தும் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு வாய்த்தது காது. இரண்டு காதையும் அமுக்கிப் பிடிக்கிற ஹெட்போன், மடியில் இருமுகிற பிள்ளை, முன்னால் இரண்டு பால்பவுடர் டப்பா. ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, இன்னொன்று காலி. மணி விடியற்காலை நாலரை. இதற்குப் பெயர் வானத்தை ஆராய்வது.

என் வீட்டுக்காரர் ஆவடியில், ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியிலிருந்து வருகிற போல்ட்டு, நட்டு எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் தன் முத்திரையைக் குத்துவார். இல்லையென்றால் சிவப்புப் பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான். தொழிற்சாலையில் அவர் கையால் எதுவும் செய்ததில்லை, அடுத்தவர் செய்ததைச் சரி, சரியில்லை என்று சொன்னதோடு சரி. அது அவருக்கே ஒரு குறை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் எனக்குத் தெரியும்.

நான் நெமிலிச்சேரிக்காரி. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர், தொழிற்சாலைகள் வந்தபிறகு ஏரை விட்டுவிட்டு அங்கே மூட்டை தூக்கப் போனவர். மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம், குவார்ட்டர்ஸ் உண்டு என்று தரகர் சொன்னதும் அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "ரேடியோகூட ரிப்பேர் பண்ணுவாராம்டி" என்று மட்டும் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமைதான் பிறகு என் தூக்கத்தைத் தின்றது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், மூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தவர் ஒரு பெரிய பொட்டலத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். புடவையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை. பிரித்தால், பச்சை பெயின்ட் உரிந்த இரும்புப் பெட்டி. பட்டாளத்தில் கழித்துக் கட்டிய ரேடியோவாம். எட்டு நாள் அதைப் பிரித்துப் போட்டு, ஈயம் காய்ச்சி, வீடெல்லாம் புகை. ஒன்பதாம் நாள் விடிவதற்கு முன் என்னை எழுப்பி ஹெட்போனைத் தலையில் மாட்டினார். முதலில் ஒன்றுமில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். அப்புறம் திடீரென்று ஒரு விசில். உச்சியில் ஆரம்பித்து, சரசரவென்று கீழே இறங்கி, காணாமல் போனது.

"இது இன்னாது, ரயிலா?" என்றேன்.

"ரயிலு இல்லமே. மேல கல்லு எரிஞ்சிகினு போவுது. அத்தோட சத்தம்."

"கல்லு விசிலடிக்குதா? யார்கிட்ட கப்சா வுடறே?"

கப்சா இல்லை. ஆவடிப் பக்கம் வெளியில் ரேடியோ நிலையத்துக்காரர்களின் உயரமான கம்பங்கள் நின்றன. காலை ஒலிபரப்பு ஆரம்பிப்பதற்கு அரை மணிக்கு முன்பே அந்தக் கம்பத்திலிருந்து வெறும் அலை மட்டும் கிளம்பிவிடும். அதில் பேச்சு இருக்காது, பாட்டு இருக்காது. அந்தச் சும்மா இருக்கிற அலை மேலே போய், எரிந்துகொண்டு பாய்கிற கல்லின் மேல் பட்டுத் திரும்பும். திரும்பி வருகிற அலையும், கம்பத்திலிருந்து நேரே வருகிற அலையும் நம் பெட்டிக்குள் ஒன்றாகச் சேரும்போது இந்த விசில் கேட்கும். கல் எத்தனையோ விசில் அத்தனை. மேகம் மூடியிருந்தாலும் கேட்கும், மழை கொட்டினாலும் கேட்கும். தொழிற்சாலை நூலகத்தில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு வந்திருந்தார் மனிதர்.

பிரச்சினை என்னவென்றால் அந்த அரை மணிதான். காலை வாத்திய இசை ஆரம்பித்துவிட்டால் விசில் எல்லாம் அதில் அமுங்கிப் போகும். நாலரைக்கு உட்கார்ந்து, ஐந்து மணிக்கு இசை வருகிறவரை அசையாமல் கேட்க வேண்டும். பண்டிகை மாதிரி, வருடா வருடம் அதே தேதிகளில் விண்கல் மழை வரும். மே மாதத்தில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, அக்டோபர் மழைக்காலத்தில் ஒன்று, டிசம்பரில் மிதுன ராசிப் பக்கமிருந்து வருகிற பெரிய மழை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு விடியல். பெரியது வருகிற நாளில் அரை மணிக்குள் முப்பது விசில்வரை எண்ணியிருக்கிறோம். மற்ற நாளில் ஏழெட்டு.

எண்ணுவதற்குத்தான் புளியங்கொட்டை. விளக்கைப் போட்டால் பிள்ளை எழுந்துவிடும். தவிர, "கண்ணு பேப்பர் மேல போச்சின்னா காது போயிடும்" என்பார். ஒரு விசில் கேட்டால் வலது டப்பாவிலிருந்து ஒரு கொட்டை எடுத்து இடது டப்பாவில் போட வேண்டும். விழுகிற சத்தம் கேட்காமலிருக்க டப்பாவின் அடியில் துணி. இந்த ஏற்பாடு என்னுடையது. எங்கள் வீட்டு ஆராய்ச்சியில் என் மூளை பயன்பட்ட இடம் அது ஒன்றுதான், அதனால் சொல்லி வைக்கிறேன்.

முதலில் அவர்தான் கேட்டார். ஆனால் வாரத்துக்கு ஒரு ஷிப்டு. காலை ஷிப்டு வாரத்தில் நாலரை மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுவார். ராத்திரி ஷிப்டு வாரத்தில் வீட்டுக்கு வரவே ஏழாகும். மத்தியான ஷிப்டு வாரத்தில் மட்டும் விடியலில் வீட்டில் இருப்பார். விண்கல் என்ன, ஷிப்டு பார்த்தா வருகிறது? "இந்த ஒரு வாரம் நீ குந்திக் கேளுமே" என்று ஆரம்பித்தது, விண்கல் விடியல்களில் மூன்றில் இரண்டு பங்கு என் தலையில் வந்து விழுந்தது. ஏழு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, டீ கேட்பதற்கு முன், "இன்னாமே, எத்தினி?" என்பார். நான் இடது டப்பாவைக் காட்டுவேன். அவரே எண்ணி நோட்டில் எழுதுவார்.

அந்த நோட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தொழிற்சாலையில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் தனி முத்திரை உண்டு, எந்தப் பொருளை யார் பார்த்தார் என்று பிற்பாடு தெரிவதற்காக. அதேபோல் அவர் கேட்ட நாளுக்கு ஒரு வட்டம், நான் கேட்ட நாளுக்கு ஒரு முக்கோணம். "இது உன்னோட சீலு" என்றார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் நான். எனக்கென்று ஒரு முத்திரை என்றதும் மனசுக்குள் குளிர்ந்துதான் போனேன். அந்தக் குளிர்ச்சியில்தான் இத்தனை வருடம் உட்கார்ந்தேன் போலிருக்கிறது.

உட்கார்ந்த கதையைச் சொல்லி மாளாது. மூத்தவள் வயிற்றில் எட்டு மாதமாக இருக்கும்போது உட்கார்ந்தேன். என் மாமியார் இறந்த மூன்றாம் நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள் தூங்க, சமையலறை மூலையில் உட்கார்ந்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி இருந்தாள். ஒருநாள் குழாய்க்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இருட்டுக்குள்ள காதுல என்னத்தையோ மாட்டிட்டு அப்படியே உக்காந்திருக்கறீங்க, உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்காரருக்குத்தான் என்றேன். அவள் அதை நெடுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் கணக்கு எல்லாம் வடக்கே ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குப் போகும். அவர் ஊர் ஊராக இப்படிக் கேட்கிறவர்களிடமிருந்து தபாலில் வாங்கி, வருடக் கடைசியில் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். அதில் எங்கள் வரி ஒரு மூலையில் இருக்கும். ஏழாவது வருடத்தில் அவர் எழுதினார்: ஒரே இடத்தில், ஒரே முறையில், பத்து வருடம் விடாமல் கேட்ட கணக்கு அபூர்வம், உங்கள் பத்தாவது வருடம் முடிந்ததும் உங்கள் அட்டவணையை மட்டும் தனியாக, உங்கள் பெயர் போட்டு வெளியிடுகிறேன் என்று.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வேறு பேச்சே இல்லை. தொழிற்சாலையில் அவரோடு சேர்ந்தவர்கள் இரண்டு படி மேலே போயிருந்தார்கள். இவர் அதே மேசை, அதே முத்திரை. இந்தப் பத்து வருட அட்டவணை ஒன்றுதான் அவர் தன் கையால் செய்து, தன் பெயர் போட்டு வரப்போகிற பொருள். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மடிப்பு கிழிகிறவரை யார் யாருக்கோ காட்டினார். எனக்குப் பாவமாக இருக்கும். எரிச்சலாகவும் இருக்கும்.

இந்த இடத்தில் அம்பத்தூர்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்த ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறைய ஆப்பிளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் அனுப்பிய பெட்டியில் ஒரே ஒரு போல்ட்டை அளக்காமலேயே அளந்ததாகச் சீட்டில் எழுதியிருந்ததாம், அளவென்னவோ பிசகவில்லையாம். இவர் அந்தப் பெட்டி முழுக்க, அவர்கள் பாஷையில் 'லாட்டு' மொத்தத்துக்கும், சிவப்பு அடித்துத் திருப்பிவிட்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சார். மீதி அத்தினியும் சுத்தமா கீது. பசங்கோ ராவும் பகலும் உழைச்சது சார்" என்று கெஞ்சினார்.

"ஒண்ணுல அளக்காம அளந்தேன்னு எழுதினியே, மீதியை அளந்தேன்னு நான் எப்டி நம்பறது? லாட்டு மொத்தமும் போச்சு, எடுத்துகினு போ" என்றார் இவர். ஆப்பிளையும் தொடவில்லை. பட்டறைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து நடந்த நடையைத் தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும், எங்கள் வீட்டுக்காரர் விலைபோகாத மனுஷன் என்று ஒரு பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது.

பத்தாவது வருடம் டிசம்பர். பெரிய மழை. எழுபத்திரண்டோ மூன்றோ, சின்னவன் பிறந்து பத்து மாதம். அவருக்கு ராத்திரி ஷிப்டு. சின்னவனுக்கு நாலு நாளாக இருமல், என் தோளிலேயே கிடந்தான். குழாயில் தண்ணீர் அந்த மாதம் மூன்று மணிக்குத்தான் வந்தது, அதுவும் ஒரு மணி நேரம். மூன்று மணிக்கு எழுந்து எட்டுக் குடம் பிடித்து வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன். ஷிப்டுக்குப் போகும்போது அவர், "இன்னிக்குத்தாமே உச்சம். இத்தோட பத்து வருசம் முடியுது. தூங்கிடாதே, இன்னா?" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டு கொட்டை போட்டது நினைவிருக்கிறது. மூன்றாவதும் போட்டிருக்கலாம். அப்புறம் காதில் வீணையும் வயலினும் கேட்டது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தேன். காலை இசை. அரை மணியும் போயிருந்தது. சின்னவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், நாலு நாளில் முதல் தடவையாக. அவன் தூங்கினான் என்றுதான் நானும் தூங்கியிருக்கிறேன்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூங்கிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பத்து வருடம். தூங்காதே என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், மூத்தவளை எழுப்ப வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், தலை கனத்தது. வலது டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இடது டப்பாவில் போட்டுவிட்டேன். ரசத்துக்குப் புளி எடுப்பதற்குக்கூட நான் அதைவிட யோசித்து எடுப்பேன்.

ஏழு மணிக்கு வந்தார். டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இன்னாமே, அறுவத்தொண்ணா?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாழாய்ப்போன கை, ஒரு பத்தைக் குறைத்து எடுத்திருக்கக் கூடாதா!

"அறுவத்தொண்ணு! பத்து வருசத்துல இல்லாதது! யம்மா, நீ மட்டும் இல்லைன்னா இது போயிருக்கும்மே" என்று சின்னவனைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து, நீ மட்டும் இல்லையென்றால் என்று அவர் சொன்னது அந்த ஒருதரம்தான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ ஆறுகிறது, குடி என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. அன்று காலை நாட்டில் வேறு எங்கே கேட்டவர்களுக்கும் இவ்வளவு எண்ணிக்கை இல்லை, இது உண்மையானால் பெரிய விஷயம், கேட்டது யார், தவறு நேர வாய்ப்பு உண்டா, உறுதியாக எழுதுங்கள், உங்கள் பதில் வந்ததும் அட்டவணையை அச்சுக்குக் கொடுக்கிறேன் என்று கேட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தார். நான் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இங்கிலீஷில் எழுதி எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "அன்னிக்குக் கேட்டது என் சம்சாரம். இந்தப் பத்து வருசத்துல அவ ஒரு தபாகூட தப்பு பண்ணது கிடையாது. அவ எண்ணினதுக்கு நான் ஜவாப்தாரி." சொல்லிவிட்டு, "இன்னாமே, சரியா கீதா?" என்றார்.

கீரை கையிலேயே நின்றது. அவர் முத்திரையை எனக்காகக் குத்துகிறார் என்று புரிந்தது. இது வேறு யாரோ ஒரு பேராசிரியர், எங்கோ ஒரு ஊர், அனுப்பிவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"அத்த அனுப்பாதே" என்றேன்.

"ஏன்?"

"நான் அன்னிக்குத் தூங்கிட்டேன். ரெண்டோ மூணோதான் கேட்டேன். மீதி கையில வந்தத அள்ளிப் போட்டேன்."

பேனாவை மூடினார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். அவர், "எப்போ தூங்கினே?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து வருட நோட்டையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினார். கையில் சிவப்புப் பென்சில். அறுபத்தொன்றைத்தான் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முதல் வருட நோட்டைத் திறந்தார். முக்கோணம் போட்ட வரியைத் தேடி, அடிக்கோலை வைத்து, ஒரே கோடாக அடித்தார். அடுத்த முக்கோணம். அடுத்தது. எனக்குப் புரிய ஒரு பக்கம் ஆயிற்று.

"யோவ், இன்னா பண்றே?"

"லாட்டு போச்சுமே" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ! "ஒரே ஒரு நாளுதான்யா தூங்கினேன்! உங்கம்மா செத்த மூணாம் நாளு அடுப்பாண்ட குந்திகினு கேட்டேனே, அது பொய்யா? வயித்தத் தூக்க முடியாம தூக்கிகினு கேட்டேனே, அது பொய்யா? சொல்லுய்யா!"

"பொய்யின்னு நான் சொல்லலமே." பென்சில் நின்றது. "எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன். எது கேட்டது, எது அள்ளினதுன்னு இனிமே நான் எத்த வெச்சு பிரிப்பேன்?"

"எனுக்குத் தெரியும்யா!"

"உனுக்குத் தெரியும். அவருக்கு எழுதிக் குடுக்கறவன் நானு."

அம்பத்தூர்க்காரர் ஆப்பிள் பையோடு நடந்த நடை ஞாபகம் வந்தது. சாயங்காலம்வரை கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றில் இரண்டு பங்கு விடியல். என்னுடைய நாட்களை மட்டும் அவர் அடிக்கவில்லை, தன்னுடைய அட்டவணையைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. தட்டை டமாலென்று வைத்துச் சோறு போட்டேன், ஒரு மாதத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வட்டம் போட்ட நாட்களை மட்டும் எழுதி, நடந்ததை மறைக்காமல் பேராசிரியருக்கு அனுப்பினார். ஒரு போஸ்ட் கார்டு வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி, மீதியுள்ள நாட்கள் தனி அட்டவணைக்குப் போதாது என்று இரண்டே வரி. அந்தக் கார்டு சட்டைப்பைக்குப் போகவில்லை. அலமாரிக்குள் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டாததை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வருடம் மே மாதமும் ஆகஸ்டும் அக்டோபரும் வந்துபோயின. அவர் இருந்தால் கேட்டார். இல்லாத நாளுக்கு நோட்டில் வரியே இல்லை. கேள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடியலில் ஹெட்போன் ஆணியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பிடிப்பேன்.

டிசம்பர் வந்தது. உச்ச நாளில் மறுபடியும் அவருக்கு ராத்திரி ஷிப்டு. ஷிப்டு பாதியில் லீவு சொல்லிவிட்டு நாலு மணிக்கே சைக்கிளில் வந்துவிட்டார். இந்தத் தடவை தண்ணீர் நாலு மணிக்கு வந்தது, நான் குழாயடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைக் கழுவிவிட்டு, டப்பாக்களை எடுத்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் ராத்திரி ஷிப்டு வாரத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மத்தியான ஷிப்டு வாரத்தில் நாலைந்து மணி நேரமாவது படுத்து எழுந்து கேட்டவர் அவர். கண்ணோடு கண் மூடாமல் வந்து உட்காருவது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

கடைசிக் குடத்தோடு நான் உள்ளே வந்தபோது தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. ஹெட்போன் நழுவிக் கழுத்தில் கிடந்தது. கையில் ஒரு புளியங்கொட்டை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். வீடு அமைதியாக இருந்ததால் ஹெட்போனிலிருந்து விசில் மெல்லிசாகக் கேட்டது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அடுத்தடுத்து இரண்டு. ஒரு வருடமாகக் கேட்காத சத்தம். என் கை தானாக டப்பாவுக்குப் போயிற்று. பிறகு இழுத்துக்கொண்டேன். என் எண்ணிக்கை யாருக்கு வேண்டும்? எழுப்பலாமா என்று பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, கன்னம் ஒட்டி, நாற்பது வயதுக்குள் அறுபது வயசுக் களைப்பு. நான் எழுப்பவில்லை.

இசை வந்ததும் தூக்கிவாரிப் போட்டு விழித்தார். இடது டப்பாவைப் பார்த்தார், அதில் நாலோ ஐந்தோ கொட்டை. வலது டப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அங்கே நின்றதும், நான் கேட்டிருப்பேன் என்பதும் அவருக்குத் தெரியும். எத்தினி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, தேதி போட்டு, வழக்கமாக இங்கிலீஷில் எழுதுகிறவர் தமிழில் ஏதோ எழுதினார். பக்கத்தில் வட்டம் போட்டார். டீயைக் குடித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் போய்ப் பார்த்தேன். "தூங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு வரி எழுதலாம் என்று பத்து வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லையே! அவரும் சொன்னதில்லை. எண்ணிக்கை எழுதுகிற இடத்தில் தூங்கிவிட்டேன் என்று எழுதினால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். பெற்று, தண்ணீர் சுமந்து, சமைத்து, துவைத்து, ஒருநாளும் எனக்குத் தூக்கம் வருகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை, நானாகவேதான் இருந்தேன்.

அலமாரியிலிருந்து முந்தின வருட நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அறுபத்தொன்றின் மேல் சிவப்புக் கோடு. பென்சிலை எடுத்து, கோட்டுக்குக் கீழே, என் எட்டாங்கிளாஸ் கையெழுத்தில், தூங்கிவிட்டேன் என்று எழுதினேன். பக்கத்தில் என் முக்கோணத்தைப் போட்டேன்.

நோட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து படுமே" என்றார். "பசங்களை நான் பாத்துக்கறேன்."

இட்லி மாவு அப்படியே இருந்தது, அடுப்பு பற்ற வைக்கவில்லை. போய்ப் படுத்தேன். அன்றைக்கு ஒன்பது மணிவரை தூங்கினேன்.